ஊர்க் கூட்டத்தில் கலந்து பேசித் திட்டம் வகுக்கும் முறை

(கண்டமங்கலம் வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபை கூடும்போதும் கிராம சபை கூடும்போதும் ஜனங்கள் வந்து அமர்கிறார்கள், தீர்மானங்கள் வாசிக்கப்படுகின்றன, கையெழுத்துக்கள் வாங்கப்படுகின்றன, கூட்டம் கலைகிறது. வீடு திரும்பும் குடியானவர் ஒருவரை வழியில் நிறுத்தி, இன்று என்ன முடிவாயிற்று என்று கேட்டால், பெரும்பாலும் அவருக்குச் சொல்லத் தெரிவதில்லை. தீர்மானப் புத்தகத்தில் உள்ள கையெழுத்து அவருடையது; தீர்மானமோ வேறொருவருடையது. இவ்வாறு நடைபெறும் கூட்டத்தைக் கூட்டம் என்று சொல்லலாமே தவிரக் கலந்தாலோசனை என்று சொல்வதற்கில்லை. ஊரார் யாவரும் பேசி, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு, செய்யவேண்டிய வேலைகளை வரிசைப்படுத்தி, அவற்றிற்குப் பொறுப்பேற்பது எவ்வாறு என்பதே இந்தப் பிரசங்கத்தின் விஷயமாகும்.

கண்டமங்கலம் வட்டாரம் விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் நடுவே, இருபுறமும் நெல்லும் கரும்பும் சவுக்கும் விளையும் பூமியில் அமைந்திருக்கிறது. புதுச்சேரிப் பிரதேசத்தின் கிராமங்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களோடு இடையிடையே கலந்து கிடப்பது இவ்விடத்தின் விசேஷம். எல்லை ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவே ஓடும். நீரோ எல்லையைப் பார்ப்பதில்லை. ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பு இரண்டு ஆட்சிகளுக்கும் உட்பட்டதாக இருப்பதை இப்பக்கத்தார் அறிவார்கள். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிகள் நிரம்பி வழிந்தன. வயல்களும் வீடுகளும் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய நாளில் எந்தக் கரையை முதலில் பலப்படுத்துவது, எந்த வாய்க்காலை முதலில் தூர் எடுப்பது என்னும் கேள்விக்கு விடை முன்னதாகவே ஊராரால் யோசித்து வைக்கப்பட்டிருக்கவேண்டும். வெள்ளம் வந்தபின் யோசிக்க அவகாசம் இராது. அப்போது உரக்கக் கூவுபவரின் தெருவுக்கே மணல் மூட்டை போய்ச் சேரும்.

பழைய சபைகள்

தமிழ்நாட்டில் ஊர்ச் சபை என்பது புதிய சரக்கன்று. காஞ்சிபுரத்திற்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூர்க் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுக்கள் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறையை விவரமாகக் கூறுகின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி இடம்பெற இயலாது என்பது அந்தக் கல்வெட்டில் கூட்டுறவாளர் அனைவரும் போற்றத்தக்க விதியாகும். ஆயினும் அதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராயும், சொந்த மனையில் வீடு கட்டியவராயும், வேதக் கல்வி உடையவராயும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்டவராயும் இருப்பவர் பெயரே குடத்தில் விழுந்தது. உழுதவனுக்கும் நட்டவளுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை.

ஏரிப் பராமரிப்பிற்கு வழங்கிய குடிமராமத்தும் அவ்வாறே இருமுகம் உடையது. ஊரார் ஆண்டுதோறும் ஒன்றுகூடி வரத்துக் கால்வாயை வெட்டி, கரையை உயர்த்தி, மதகைச் சீர்செய்தது உண்மை. அந்த வேலைக்கு வராதவரைக் கட்டாயப்படுத்துவதற்கென்று 1858-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானியில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது என்பதும் உண்மை. கலந்து பேசி ஏற்றுக்கொண்ட வேலைக்கு ஆள் தானே வரும். கட்டளையிட்ட வேலைக்குச் சட்டமும் சேவகரும் தேவைப்படும். பெயர் ஒன்றாயிருந்தபோதிலும் இவ்விரண்டும் வேறு வேறு.

கூட்டுறவுச் சங்கத்தார் இவ்விஷயத்தில் மற்றவரைவிட ஒரு படி முன்னே நிற்கிறார்கள். 1904-ஆம் ஆண்டின் சட்டப்படி சென்னை ராஜதானியின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் திருவள்ளூருக்கு அருகே திரூரில் அமைந்தது. அந்தக் காலத்தில் ஐக்கிய நாணய சங்கம் என்று பெயர் வழங்கிய இச்சங்கங்களின் அடிப்படை விதி, பங்குத் தொகை எவ்வளவாயினும் ஓர் அங்கத்தினருக்கு ஒரே வோட்டு என்பது. 10 ஏக்கர் உடையவரும் 50 சென்ட் உடையவரும் மகாசபையில் சமம். உத்திரமேரூர்க் குடத்தில் இல்லாத ஓலை இச்சங்கத்தில் உண்டு. ஆனால் வோட்டு இருப்பது ஒன்று. வாய் திறந்து பேச இடம் இருப்பது மற்றொன்று. முன்னதைச் சட்டம் கொடுத்துவிட்டது. பின்னதைக் கூட்டத்தை நடத்துபவரும் கூடியிருப்போரும் சேர்ந்துதான் உண்டாக்கவேண்டும்.

மேலிருந்து வந்த சீர்திருத்தம்

கிராம புனருத்தாரணத்தின் சரித்திரம் முழுவதிலும் இந்தப் பாடம் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. பஞ்சாப் மாகாணத்துக் குர்காவ் ஜில்லாவில் 1920-களில் பிரேயின் துரை என்னும் அதிகாரி எருக் குழிகள், வீட்டுச் சன்னல்கள், பெண் கல்வி முதலியவற்றை மிகுந்த ஊக்கத்தோடு பரவச் செய்தார். அவர் மாற்றலாகிச் சென்றபின் அவ்வேலைகள் தேய்ந்துபோயின. ஜனங்கள் அவரை மதித்துச் செய்தார்களே ஒழிய, தங்கள் காரியம் என்று எண்ணிச் செய்யவில்லை. அதே காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவர் தேனீ வளர்ப்பு, முட்டை விற்பனைக் கூட்டுறவு முதலியவற்றை நடத்தியபோது, ஊரார் தாமே செய்வதும், அறிந்தவர் பக்கத்தில் இருந்து யோசனை சொல்வதுமே முறை என்று கொண்டார். அவ்வட்டாரத்தில் தேன் தொழில் இன்றும் வழங்குகிறது.

1946-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானி 34 பிர்க்காக்களில் பிர்க்கா அபிவிருத்தித் திட்டத்தைத் தொடங்கிற்று. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி நாடெங்கும் சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அதைப் பரிசோதித்த பல்வந்த்ராய் மேத்தா குழு, கட்டடங்களும் சாலைகளும் எழும்பிய போதிலும் ஊராரின் சொந்த முயற்சி எழும்பவில்லை என்று 1957-இல் கண்டுரைத்தது. அதன் பயனாகவே பஞ்சாயத்து ராஜ்யம் என்னும் ஏற்பாடு வந்தது.

இந்த ஜில்லாவுக்குள்ளேயே இன்னும் அருகான உதாரணம் ஒன்று உண்டு. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து இருவேல்பட்டு என்னும் கிராமத்தை, சென்னைச் சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ஆம் ஆண்டில் தம் மாணவரைக் கொண்டு ஆராயச் செய்தார். பின்னர் 1930-களிலும், 1961-இலும், 1980-களிலும், 2008-இலும் வேறு வேறு அறிஞர்கள் அதே கிராமத்திற்குச் சென்று நிலம், கூலி, கடன், ஜாதி ஆகிய யாவற்றையும் கணக்கெடுத்தார்கள். தமிழ்நாட்டில் இவ்வளவு நீண்டகாலம் ஆராயப்பட்ட கிராமங்கள் சிலவே. அந்த நூல்களால் உலகம் பல அறிந்தது. ஆயினும் 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளத்திற்குப் பின் அந்தக் கிராமத்தார் தங்கள் குறையைக் கேட்கச் செய்வதற்கு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறிக்க வேண்டியிருந்தது. ஊரைப் பிறர் அளந்து எழுதுவது ஒரு காரியம். ஊரார் தாமே அளந்து, பேசி, முடிவு செய்து, அம்முடிவைக் கேட்கவேண்டியவர் காதில் விழச் செய்வது வேறொரு காரியம். பின்னது நடைபெறும் இடத்தில் சாலை மறியலுக்கு அவசியம் குறையும்.

கூடம் என்னும் முறை

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல முறை கண்டெடுக்கப்பட்டது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971-ஆம் ஆண்டில் அமைந்தது. ஆழ்குழாய்க் கிணறுகளும் மேல்நிலைத் தொட்டிகளும் ஆயிரக்கணக்கில் அமைத்தும், நிலத்தடி நீர் கீழே போய்க்கொண்டிருந்தது. அமைத்தவை பல வறண்டன. பழுதானவற்றைத் தங்கள் உடைமை என்று எண்ணிப் பழுதுபார்ப்பார் இல்லை. 2004-ஆம் ஆண்டில் விபு நாயர் என்னும் அதிகாரியின் முயற்சியால், வாரியத்தின் என்ஜினீயர்கள் முதலில் தம்மைத் தாமே பரிசோதித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் கைக்கொண்ட வழிக்குக் கூடம் என்று பெயர். தமிழர் வீட்டின் நடுவே குடும்பத்தார் யாவரும் கூடி உட்காரும் இடத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது.

கூடத்தில் யாவரும் வட்டமாக உட்காருவார்கள். மேடை இல்லை, மாலை இல்லை, முன்வரிசை நாற்காலி இல்லை. தலைமை என்ஜினீயரும் உதவி என்ஜினீயரும் ஒரே வட்டத்தில் அமர்ந்து, உத்தியோகப் படியைப் பாராமல் பேசுவார்கள். பிறர்மேல் குற்றம் சாட்டுமுன் தன் பொறுப்பில் என்ன குறை என்று ஒவ்வொருவரும் யோசிப்பது அதன் முக்கிய அம்சம். இவ்வாறு பேசிப் பழகிய பின்னரே அவர்கள் கிராமங்களுக்குச் சென்றார்கள். மறைமலைநகரில் கூடி, தாங்கள் நடந்துகொள்ளவேண்டிய நெறியைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். கிராமத்திலும் அதே வட்டம் அமைந்தது. குழாய் எங்கே போடுவது என்று வரைபடத்தோடு வந்து அறிவித்த காலம் போய், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வருவதில்லை, ஏன் வருவதில்லை, பழைய கிணற்றைச் சீர்செய்தால் புதியது வேண்டுமா என்று கேட்கும் வழக்கம் வந்தது.

இந்த ஏற்பாட்டில் கூட்டுறவாளர் கவனிக்கவேண்டியது ஒன்று. மாற்றம் கிராமத்தாரிடமிருந்து தொடங்கவில்லை. கூட்டத்தை நடத்த வருபவரிடமிருந்து தொடங்கிற்று. தான் சொல்லவேண்டியதை முன்னரே முடிவு செய்துகொண்டு வருபவர் எத்தனை முறை வட்டமாக உட்கார வைத்தாலும் ஜனங்கள் அதைக் கண்டுகொள்வார்கள்.

கேரளத்தின் அனுபவம்

அண்டை ராஜ்யமாகிய கேரளத்தில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி ஜனங்களே திட்டம் வகுக்கும் இயக்கம் தொடங்கியது. ராஜ்யத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவிகிதம் வரை ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. பணம் கையில் வரும் என்று தெரிந்தபின் நடந்த பேச்சில் சிரத்தை இருந்தது. பெருங்கூட்டத்தில் சிலரே பேசுவர் என்பதை உணர்ந்து, கிராம சபையைத் தொடக்கத்துக்குப்பின் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். விவசாயம், குடிநீர், கல்வி, சுகாதாரம் என்று விஷயவாரியாகக் குழுக்கள் அமைந்தன. ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் பேச்சை நடத்தினார், மற்றொருவர் குறிப்பெடுத்தார். பிறகு ஊராட்சியின் அபிவிருத்தி அறிக்கை எழுதப்பட்டது; அதைப் பரிசீலிக்க ஒரு கருத்தரங்கம் கூடியது; கடைசியில் வேலைக் குழுக்கள் மதிப்பீடு தயாரித்தன.

முதல் ஆண்டில் பெண்களின் வரவு குறைவாகவே இருந்தது. அதைக் கண்டபின் பெண்களுக்கென்று திட்டப் பணத்தில் 10 சதவிகிதத்திற்குக் குறையாமல் ஒதுக்கும் ஏற்பாடும், 1998-ஆம் ஆண்டில் குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் அமைப்பும் வந்தன. தெருவளவில் பெண்கள் முன்னதாகக் கூடிப் பேசித் தேர்ந்துகொண்ட விஷயத்தோடு கிராம சபைக்கு வந்தபோது அவர்கள் சொல்லுக்குப் பலம் உண்டாயிற்று. தமிழ்நாட்டிலும் 1989-ஆம் ஆண்டில் தர்மபுரி ஜில்லாவில் தொடங்கிப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் வட்டமாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் பழக்கத்தை வீடுதோறும் கொண்டுவந்திருக்கின்றன. கலந்தாலோசனைக்கு வேண்டிய நாற்றங்கால் ஒவ்வொரு தெருவிலும் தயாராக இருக்கிறது என்றே சொல்லலாம்.

கூட்டத்திற்கு முன் செய்யவேண்டியவை

இனி, கண்டமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்று தன் ஏரியைப்பற்றித் திட்டம் வகுக்க விரும்புகிறது என்று வைத்துக்கொண்டு, அதற்குரிய முறையைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலாவது, கூட்டத்தை நடத்துபவர் முன்னதாகவே ஊரைச் சுற்றிவரவேண்டும். தலைமடைக்காரரை மட்டும் கண்டு திரும்பலாகாது. கடைமடையில் பயிரிடுபவர், நிலம் இல்லாமல் கூலிக்குப் போகிறவர், ஏரிக்குள் ஆடுமாடு மேய்ப்பவர், மீன் ஏலம் எடுப்பவர், காலனியில் வசிக்கும் ஆதி திராவிட மக்கள், தண்ணீர் எடுக்க நடக்கும் பெண்கள் ஆகிய இவர்கள் ஒவ்வொருவருக்கும் அதே ஏரி வேறு வேறு ஏரியாகத் தோன்றும். ஒருவருக்கு நீர்மட்டம் உயரவேண்டும்; மற்றொருவருக்கு உயர்ந்தால் வீட்டில் தண்ணீர் புகும். இவையெல்லாம் கூட்டத்தில் முதன்முதலாக வெளிப்பட்டால் சண்டையாகும். முன்பே தெரிந்திருந்தால் பேச்சாகும்.

இரண்டாவது, இடமும் நேரமும். சிலர் உள்ளே வரத் தயங்கும் இடத்தில் கூட்டம் கூட்டினால், அவர்கள் வரவேண்டாம் என்று சொன்னதற்குச் சமானம். பள்ளிக்கூடத்துத் திடல், சங்கத்தின் கிடங்கு முற்றம் போன்ற பொது இடமே உத்தமம். நடவு, அறுவடை நாட்களில் பகல் வேளைக் கூட்டம் கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். பெண்களுக்குப் பொழுது சாயும் நேரம் அடுப்பு வேலை. ஆதலால் நேரத்தை அவர்களைக் கேட்டே குறிக்கவேண்டும்.

மூன்றாவது, இந்தக் கூட்டத்தால் என்ன தீர்மானிக்க முடியும், என்ன முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரி சர்க்காரின் நீர்வளத் துறையைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று தெரியாமல் செய்த தீர்மானம் கட்டுக்குள்ளேயே கிடக்கும். கொடுக்க முடியாததைக் கொடுப்பதாகச் சொல்லிக் கூட்டம் சேர்ப்பது மிகப் பெரிய துரோகம். ஒருமுறை ஏமாந்த ஊர் மறுமுறை கூடுவதற்கு நெடுங்காலம் ஆகும்.

கூட்டத்தில் செய்யவேண்டியவை

கூட்டத்தின் தொடக்கத்தில் பேச்சுக்குப் பதிலாகப் படம் வரைவது நலம். இந்தியாவில் 1980-களின் கடைசியில் மைராடா முதலிய ஸ்தாபனங்கள் கர்நாடகக் கிராமங்களில் இதைச் செய்து காட்டின. 1970-களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஆராய்ச்சி செய்தவரான ராபர்ட் சேம்பர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இம்முறையை உலகெங்கும் எடுத்துரைத்தார். தரையில் கோலமாவால் ஏரியை வரைந்து, மதகுக்கு ஒரு கல், கலிங்கலுக்கு ஒரு செங்கல், வரத்துக் கால்வாய்க்கு நீலப்பொடி, நீர் புகுந்த வீடுகளுக்கு வேப்பிலை என்று வைத்துக்கொண்டே போகலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதில் கைவைப்பார். கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று மாடு மேய்க்கும் பிள்ளைக்குத் தெரிந்த அளவு மதிப்பீட்டு நகலுக்குத் தெரியாது. மேடையில் பேச நாணுகிற பெண், கோலமாவு கையில் இருந்தால் நாணமாட்டாள். ஒருவர் வைத்த கல்லை மற்றொருவர் நகர்த்தி வைக்கும்போது அங்கே வாதம் தொடங்குகிறது. ஆனால் அந்த வாதம் கல்லைப் பற்றியது, ஆளைப் பற்றியதன்று.

அடுத்தபடி, கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரிக்கவேண்டும். ஒரு குழுவில் 10 அல்லது 15 பேருக்கு மேல் வேண்டாம். தலைமடையார், கடைமடையார், பெண்கள், நிலமற்றோர் என்று பிரித்து, ஒவ்வொரு குழுவும் முக்கியமான மூன்று வேலைகளைச் சொல்லும்படி கேட்கலாம். பிறகு யாவரும் மறுபடி ஒன்றுகூடி அவற்றைக் கேட்கவேண்டும். எல்லாக் குழுவும் ஒரே வேலையைச் சொன்னால் அங்கே விவாதம் முடிந்தது. சொல்லாத வேலைகளே பேசத்தக்கவை.

வரிசைப்படுத்துவதற்குப் புளியங்கொட்டை போதும். ஒவ்வொருவருக்கும் 10 கொட்டைகள் கொடுத்து, வேலைகளைக் குறிக்கும் வட்டங்களில் தம் விருப்பப்படி இடச் சொல்லலாம். மிராசுதாருக்கும் 10, கூலிக்காரருக்கும் 10. எண்ணிப் பார்ப்பது யாவர் கண்ணுக்கும் எதிரில் நடைபெறும். ஆனால் எண்ணிக்கை ஒன்றையே முடிவாகக் கொள்வது நியாயமாகாது. ஊரில் 12 வீடுகள் மட்டும் வெள்ளத்தில் மூழ்குமானால், 200 வீட்டாரின் கொட்டைகள் அவற்றை என்றும் கடைசியில் தள்ளிவிடும். ஆகையால் உயிருக்கும் குடிநீருக்கும் ஆபத்தான வேலைகளை முதலிலேயே தனியே எடுத்துவைத்து, எஞ்சியவற்றையே வரிசைப்படுத்துவது என்று தொடக்கத்தில் உடன்படிக்கை செய்துகொள்ளவேண்டும்.

நடத்துபவரின் கடமை

கூட்டத்தை நடத்துபவர் நீதிபதியுமல்லர், உபாத்தியாயருமல்லர். நீர்க்கட்டி ஒருவர் ஒவ்வொரு மடைக்கும் முறைவைத்து நீர் விடுவதுபோல, பேச்சை முறைவைத்து விடுவதே அவர் வேலை. ஒரு மடையிலேயே நீர் முழுவதும் பாய்ந்தால் அவர் கடமை தவறியவராவார். அதிகம் பேசியவரிடம், "ஐயா சொன்னதைக் குறித்துக்கொண்டாயிற்று, இன்னும் பேசாதவர்கள் சொல்லட்டும்" என்று மரியாதையாகச் சொல்லலாம். பேசாதவரைச் சபை நடுவே பெயர் சொல்லி எழுப்பி வெட்கப்படுத்தலாகாது. "கடைமடைப் பக்கத்தில் இந்த வருஷம் தண்ணீர் எப்படி, அம்மா?" என்று அவர் அறிந்த விஷயத்தைக் கேட்டால் பதில் தானே வரும். மௌனத்தைச் சம்மதம் என்று எழுதுவது பெரும் பிழை. கடன் பட்டவர் கடன் கொடுத்தவர் எதிரில் மௌனமாயிருப்பது சம்மதத்தால் அன்று.

அவர் எழுதும் குறிப்பிலும் கவனம் வேண்டும். ஜனங்கள் சொன்ன வார்த்தையையே எழுதவேண்டும். "கிழக்கு மதகு ஒழுகுகிறது, இரவில் ஆள் கால்வைத்து அடைக்கிறோம்" என்று ஒருவர் சொன்னதை "பாசன அமைப்பில் குறைபாடு" என்று எழுதினால் விஷயம் செத்துப்போகும். கூட்டம் கலையுமுன் குறிப்பை உரக்க வாசித்து, திருத்தம் கேட்டு, அதன்பின்னரே கையெழுத்து வாங்கவேண்டும். வாசிக்காமல் வாங்கும் கையெழுத்து தீர்மானப் புத்தகத்திற்கு அவமானம்.

ஆக்கிரமிப்பு வழக்கு, ஜாதி மனஸ்தாபம், பழைய தேர்தல் பகை ஆகியவை குறுக்கே வருவது உண்டு. "ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்னும் பழமொழியைச் சொல்லிச் சிறுபான்மையோரின் வாயை அடைப்பது சிலர் வழக்கம். ஒற்றுமை என்ற பெயரால் குறையை மூடிவைப்பது ஒற்றுமையாகாது. கருத்து வேற்றுமை தீராவிட்டால், இருதரத்து அபிப்பிராயத்தையும் குறிப்பில் எழுதி, இடத்தை நேரில் சென்று பார்க்க இருதரத்தாரிலும் சிலரைக் குறித்து, தேதி வைத்துக் கலையலாம். கரைமேல் நின்று பார்க்கும்போது தீரும் வழக்குகள் பல, பந்தலில் உட்கார்ந்தால் தீருவதில்லை. வரத்துக் கால்வாயில் வீடு கட்டியிருப்பவர் ஏழையாயிருந்தால், அவருக்கு மாற்று இடம் கேட்பதும் அதே தீர்மானத்தில் சேரவேண்டும். ஒருவரைத் தெருவில் விட்டு ஏரியை நிரப்புவது ஊருக்கு அழகன்று.

சட்டம் திறந்துவைத்த கதவு

இவ்வாறு பேசி முடித்ததை எங்கே கொண்டுபோவது? 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி அமலுக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்குச் சட்ட அந்தஸ்து அளித்தன. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள யாவரும் அதன் அங்கத்தினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022-ஆம் ஆண்டு முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்தன. ஜனத்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வரவேண்டும் என்பது விதி. 2015-ஆம் ஆண்டு முதல் ஊராட்சிதோறும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எழுதும் ஏற்பாடும் வந்தது. 2016-ஆம் ஆண்டின் திருத்தத்தால் உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது.

இவையெல்லாம் கதவுகள். உள்ளே நுழைபவர் வெறுங்கையோடு போனால், முன்கூட்டி எழுதிய தீர்மானமே வாசிக்கப்படும். சங்க அங்கத்தினர் 20 பேர் தெருக்கூட்டத்தில் பேசி முடித்த வேலைப் பட்டியலோடும், தரையில் வரைந்ததைக் காகிதத்தில் எடுத்த படத்தோடும், ஊரார் தாம் செய்யும் பங்கு இவ்வளவு என்னும் உறுதியோடும் சென்றால், அத்தீர்மானத்தைப் புத்தகத்தில் ஏற்றாமல் விடுவது எவருக்கும் எளிதன்று. அடுத்த கிராம சபையில் சென்ற தீர்மானம் என்னவாயிற்று என்று முதல் கேள்வியாகக் கேட்கவேண்டும். வேலை முடிந்தால் செலவுக் கணக்கைச் சுவரில் எழுதும்படி கேட்கவேண்டும். கேள்வி கேட்பவர் தொடர்ந்து வந்தால் பதில் சொல்பவரும் தயாராகவே வருவார்.

முடிவுரை

இம்முறையால் ஒரே நாளில் ஏரி நிரம்பிவிடாது. முதல் கூட்டத்தில் பழைய குறைகளே பேசப்படும். இரண்டாவதில் வருபவர் தொகை குறையலாம். மூன்றாவதில் ஒரு சிறு வேலை, கலிங்கலின் கீழுள்ள முட்புதரை வெட்டுவது போன்றது, ஊராராலேயே செய்து முடிக்கப்பட்டால், நான்காவதற்கு ஆள் தேட அவசியம் இராது. ஆதலால் பெரிய திட்டத்தை எழுதிவிட்டுக் காத்திராமல், கைக்கெட்டிய வேலை ஒன்றை உடனே தொடங்குவது புத்திசாலித்தனம்.

கண்டமங்கலம் வட்டாரத்துச் சங்கங்கள் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக மூன்று தெருக்கூட்டங்களும் ஓர் ஊர்க்கூட்டமும் நடத்தலாம். ஆணும் பெண்ணுமாக இருவரைப் பேச்சை நடத்தவும், படித்த இளைஞர் ஒருவரைக் குறிப்பெடுக்கவும் பழக்கலாம். இதற்குச் சங்க நிதியிலிருந்து ஆகும் செலவு கோலமாவும் காகிதமும் ஒரு வேளைத் தேநீருமேயாகும். அடுத்த புயல் எந்த ஆண்டு வரும் என்று எவரும் கூற இயலாது. வரும் இரவில் எந்த மதகைத் திறப்பது, எந்த வீட்டாரை முதலில் பள்ளிக்கூடத்திற்கு அழைத்துச் செல்வது என்பது கடைசி வீட்டுக் கிழவிக்கும் தெரிந்திருக்குமானால், அந்த ஊர் திட்டம் வகுத்த ஊராகும். அத்தகைய ஊர்களை உண்டாக்கும் பொறுப்பைச் சங்க அங்கத்தினர் ஏற்பாராக.